சோம்பேறி வாத்தின் ஏழாவது ஆள்

டைம் கீப்பர் வீட்டில் ஒரு குண்டுவீச்சு விமானம் இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். தெரியாதவர் யாராவது இருந்தால் அவர் நேற்றுக் குடிவந்தவராக இருப்பார். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அவருக்கும் தெரிந்துவிடும். வீட்டுக்காரரே கூப்பிட்டுக் காட்டிவிடுவார்.

பஸ் டிப்போ வாசலில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுகிற வேலை அவருக்கு. நிஜ விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. பல்பு மாற்ற ஸ்டூல் போட்டால்கூடக் காலைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆளும், பக்கத்தில் நின்று தைரியம் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். அப்பேர்ப்பட்டவர் பதினான்கு வருடத்துக்கு முன் போனஸ் பணத்தை அப்படியே கொடுத்து இந்த மாடலை வாங்கி வந்தார். உலகம் முழுக்கச் சேர்த்து ஆயிரம்தான் செய்தார்களாம். அதில் இது நானூற்றுப் பதினேழாவது. அதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார், கல்யாணப் போட்டோவுக்கு ஒரு சாண் மேலே.

விமானத்துக்கு அதன் ஆட்களே வைத்த பெயர் சோம்பேறி வாத்து. நான்கு எஞ்சின், ஏழு ஆள். சான்றிதழில் இருக்கிற கதையைத் தெருவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எதிரி ஊருக்கு மேலே போய்த் திரும்புகிறபோது வாத்து வசமாக அடி வாங்கியது. இரண்டு எஞ்சின் போச்சு, நடுவில் தரை பிளந்து ஓட்டை விழுந்தது. சொந்தக் கரை கண்ணுக்குத் தெரிந்ததும் விமானி எல்லோரையும் பாராசூட்டில் குதிக்கச் சொன்னார். ஆனால் வால் நுனியில், கண்ணாடிக் கூண்டுக்குள் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவனின் கதவு நசுங்கித் திறக்கவில்லை. அவனோடு பேசுகிற கம்பியும் அறுந்துவிட்டது. வயர்லெஸ்காரன் ஊர்ந்துபோய் ஓட்டைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். கூண்டுக்குள் ஒரு தோள் அசைந்தது. திரும்பி வந்து, "அவன் உயிரோடதான் இருக்கான்" என்று சொன்னான்.

அதற்கப்புறம் யாரும் குதிக்கவில்லை. குதிக்காததற்கு ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். எஞ்சின்காரன், மிச்சமிருக்கிற ரெண்டையும் யார் பார்த்துக்கொள்வது என்றான். வழி பார்க்கிறவன், கஷ்டப்பட்டு ஊர்வரைக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறேன், அதை வீணாக்கவா என்றான். பாராசூட் மடிப்புக் கலைந்துவிடும் என்றுகூட ஒருவன் சொன்னானாம். வாலில் இருந்தவன் மட்டும், புகையைப் பார்த்துவிட்டு, எல்லோரும் குதித்துப் போயிருப்பார்கள், ஆளில்லாத விமானத்தில் தான் ஒருத்தன்தான் மிச்சம் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். காலை ஐந்து நாற்பத்திரண்டுக்கு வாத்து தரையில் இறங்கி நின்றது. கண்ணாடிக்கு வெளியே ஆறு முகம் எட்டிப் பார்த்தபோதுதான் அவனுக்கு விஷயமே தெரிந்தது.

ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் டைம் கீப்பர் வீட்டில் ஆஜர் எடுப்பார்கள். வந்தவர்களில் ஏழு பேருக்கு ஏழு வேலை. அவர் ஒவ்வொரு வேலையாகக் கூப்பிட, அவரவர் 'ஆஜர்' என்று சொல்ல வேண்டும். விமானி வேலை அவருடைய அக்காவுக்கு. அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. எதிர்வீட்டுத் தையற்காரிக்குக் குண்டு போடுகிற வேலை. சமையலறையிலிருந்து டீத் தட்டோடு கடைசியில் வருகிறவள் மனைவி என்பதால், கடைசி இடமான வால் கூண்டு அவளுக்கு. பதினான்கு வருடமாக அவள் கையில் தட்டோடு ஆஜர் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவளைத் தெருவில் பல்செட் அக்கா என்பார்கள். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில், வாய் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்கிறவள். தெருவில் யார் யார் சிரிப்பு சொந்தச் சிரிப்பு, யார் யாருடையது அவள் செய்து கொடுத்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தாயிற்று.

இந்த வருடம் ஆஜருக்கு ஒரு புது ஆள் வருவதாக இருந்தது. நகர நூலக மண்டபத்தில் மாடல் கண்காட்சி. இருபது மாடல்தான் எடுப்பார்கள். தம்பியின் பெருமையை நாலு பேர் பார்க்கட்டும் என்று நாத்தனார் யாரையும் கேட்காமல் விண்ணப்பம் போட்டுவிட்டாள். கண்காட்சிக் குழுவின் செயலாளர் அம்மாள் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பரிசோதிப்பதாகக் கடிதம் வந்தது. தெருவே சந்தோஷப்பட்டது. சந்தோஷப்பட வேண்டிய மனுஷர் மட்டும் கடிதத்தைப் பார்த்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாம் நம்பர் வண்டியைப் பதினெட்டு என்று எழுதி டிப்போவில் திட்டும் வாங்கினார்.

"ஏங்க, உடம்புக்கு என்ன?" என்று பல்செட் அக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அந்த அம்மாவுக்கு எதுக்கு வீண் அலைச்சல்னு பாக்குறேன்."

புதன்கிழமை அவளுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்தது. செயலாளர் வருகிறாரே, தூசு தட்டி வைப்போம் என்று வேக்குவம் கிளீனரின் சின்னக் குழாயை மாட்டி, மேசைமேல் ஒரு கம்பியில் பறக்கிற மாதிரி தூக்கி மாட்டியிருந்த விமானத்தைச் சுத்தம் பண்ணினாள். இறக்கை முடிந்தது, முதுகு முடிந்தது. வாலுக்குப் போனபோது 'டக்' என்று ஒரு சத்தம். குழாய்க்குள் ஏதோ கடகடவென்று உருண்டு போய்ச் சேர்ந்தது. வாலைப் பார்த்தாள். கண்ணாடிக் கூண்டையும் காணோம், அதற்குள் இருந்தவனையும் காணோம்.

யாருக்காக ஆறு பேர் குதிக்காமல் இருந்தார்களோ, அவனை இவள் ஒரு இழுப்பில் இழுத்துவிட்டாள். சமையலறைத் தரையில் பேப்பர் விரித்துத் தூசுப் பையைக் கவிழ்த்து, பல்லுக்கு மெழுகு எடுக்கிற இடுக்கியால் கிளறினாள். கூண்டு முழுசாகக் கிடைத்தது. பக்கத்திலேயே ஆளும் கிடைத்தான். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

அது ஒரு தீக்குச்சி.

பாதியாக உடைத்த தீக்குச்சி. மருந்து முனைக்குப் பழுப்புப் பெயின்ட் அடித்து ஹெல்மெட் ஆக்கியிருந்தது. உடம்புக்கு இரண்டு கோடு இழுத்துச் சட்டை ஆக்கியிருந்தது. அந்தப் பெயின்ட் எதுவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாசல் கதவுக்கு அடித்ததில் மிச்சம். பல்செட் அக்கா தூசுக்கு நடுவில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாள். எதிர்வீட்டுத் தையல் மிஷின் சட்டென்று நின்றது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரித்து முடித்ததும்தான் யோசனை வந்தது. மனுஷர் ஏன் சாப்பிடவில்லை என்பது புரிந்தது. அசல் ஆளை எங்கேயோ தொலைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் தீக்குச்சியை நட்டு வைத்து, அதற்கு வருடா வருடம் ஆஜரும் எடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் பூதக்கண்ணாடியோடு வந்து, அக்காவும் தெருவும் பார்த்துக்கொண்டிருக்க, "இது தீக்குச்சி" என்று சொன்னால் மனுஷர் டிப்போவுக்குத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். நாத்தனார் அதைச் சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவாள். அவள் ஆயுசும் கெட்டி.

சாயங்காலம் டீ கொடுக்கிறபோது அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த ஏழு பேரும் கம்பெனிக்காரன் வெச்ச ஆளுங்கதானே?"

டீ அவருக்குப் புரை ஏறியது. "பின்ன, நானா பெத்துப் போட்டேன்? எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற கேள்வியா இது" என்று எழுந்து போனவர், விமானம் இருக்கிற பக்கமே திரும்பாமல் சுவரோரமாக நடந்து போனார். அவர் வாலைப் பார்க்கிற வழக்கமே இல்லை என்பது அப்போதுதான் அவள் கவனத்துக்கு வந்தது. அதுவும் ஒருவகையில் சௌகரியம்தான். அவள் மறுபடி ஒட்டி வைத்த வெறும் கூண்டு அவர் கண்ணில் படாது.

மறுநாள் பட்டறையில், வரிசையில் காத்திருந்த மூன்று பல்செட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஏழாவது ஆளைச் செய்ய உட்கார்ந்தாள். மற்ற ஆறு பேர் என்ன உயரம், எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வந்திருந்தாள். ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி, கட்டைவிரல் நகத்தளவு மெழுகில் தோளும் முழங்காலும் செதுக்கினாள். தலையைக் கழுத்தோடு சேர்த்துத் துப்பாக்கிப் பக்கம் சாய்த்தாள்.

அச்சு வாங்க வந்த டாக்டர் எட்டிப் பார்த்தார். "இது எந்தப் பேஷண்ட்டுக்கும்மா?"

"உசரத்துல வேலை பாக்குறவருக்கு டாக்டர். அவசரம்."

அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்குப் பாதி விஷயம் புரிவதில்லை, நல்ல மனுஷர்.

உடம்பு முடிந்தது. சட்டை முடிந்தது. முகத்துக்கு வந்தபோதுதான் கை தன் புத்தியைக் காட்டியது. இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை செய்த கை. வாயைக் கண்டால் சும்மா இருக்காது. உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசி முனையால் மேல்வரிசை வைத்தாள். மேலே வைத்துவிட்டுக் கீழே வைக்காமல் விட முடியுமா? கீழ்வரிசையும் வைத்தாள். பல் நிறம் பார்க்கிற அட்டையை எடுத்து, பட்டாளத்துக்காரன் எப்படியும் சிகரெட் குடிப்பான் என்று கொஞ்சம் மஞ்சள் ஓடின நிறமாகப் பொறுக்கினாள். பிறகு அச்சுப் போட்டு, பல்செட்டுக்குப் போடுகிற அதே அக்ரிலிக்கில் வார்த்து, பாலிஷும் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் டிப்போவில் இருக்கிறபோது கூண்டைப் பிரித்து ஆளை உட்கார வைத்து ஒட்டியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூடத்தில் உட்கார இடமில்லை. நாத்தனார் முதல் நாற்காலியில் விமானியாகவே வந்து உட்கார்ந்திருந்தாள். தையற்காரி தைத்துக்கொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவும் கையில் கத்தரிக்கோலுமாக ஓடி வந்திருந்தாள். செயலாளர் அம்மாள் குள்ளமாக, சிரிக்காத முகமாக இருந்தார். நெற்றியில் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு மூக்கிலிருந்து ஆரம்பித்தார்.

"விமானி, சரி. எஞ்சின்காரர், சரி."

"நான்தான் விமானி" என்று நாத்தனார் இடையில் சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை.

ஒவ்வொரு ஆளாகச் 'சரி' போட்டுக்கொண்டே வந்து வாலில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். கூடத்தில் பிஸ்கட் கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. பல்செட் அக்கா பேசிவிடலாம் என்று தட்டைக் கீழே வைத்தாள். அதற்குள் டைம் கீப்பர் எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், நீங்க சொல்றதுக்குள்ள நானே சொல்லிடுறேன். அது தீக்குச்சி."

"எது?"

"வால்ல இருக்கிறது. கூண்டு ஒட்டு விட்டுப்போயி நிஜ ஆளு கையோட வந்துட்டான். சரி, டிப்போல எல்லாருக்கும் காட்டலாம்னு சட்டைப் பையில போட்டுட்டுப் போனேன். எந்த வண்டியில விழுந்தான்னு தெரியல. நாப்பத்தேழு வண்டி தேடினேன் மேடம், சீட்டு சீட்டா. பதினோரு வருஷம் ஆச்சு. ஆறு பேரு அவனை விட்டுட்டுப் போகலை. நான் தொலைச்சுட்டேன். அதான் சொல்ல வாய் வரல."

நாத்தனாருக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "ஏன்டா, பதினோரு வருஷமா ஒரு தீக்குச்சியைப் பின்னாடி உக்கார வெச்சுட்டா நான் ஓட்டிட்டு இருந்தேன்?"

"அக்கா, கொஞ்சம் பொறு."

"என்ன பொறுக்கிறது? பத்திக்கிட்டிருந்தா?"

செயலாளர் அம்மாள் மெதுவாக நிமிர்ந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "சார், உங்க ஊர்ல தீக்குச்சிக்குப் பல்லு உண்டா?"

"என்னது?"

"பல்லு. இவர் சிரிக்கிறாரு. மேல வரிசை, கீழ வரிசை எல்லாம் இருக்கு. எனக்கே இந்த மாதிரி இல்ல."

டைம் கீப்பர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பார்த்தவருக்கு வேர்த்துவிட்டது. பதினோரு வருடமாகத் தீக்குச்சி இருந்த இடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தன் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வேர்க்காது?

"இது யாரு?"

"நான்தாங்க" என்றாள் பல்செட் அக்கா. "அதாவது, நான்தான் செஞ்சேன். புதன்கிழமை தூசு எடுக்கிறப்ப உங்க தீக்குச்சியை மிஷின் இழுத்துடுச்சு. நீங்க இவங்க முன்னாடி அவமானப்படக் கூடாதுன்னு..."

"உனக்குப் புதன்கிழமையே தெரியுமா?"

"டீ குடிக்கிறப்பவே கேட்டேனே. பெத்துப் போட்டேனான்னு கேட்டீங்க."

தையற்காரி சிரித்துவிட்டாள். அதோடு கூடமே சிரித்தது. டைம் கீப்பர் மனைவியைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சான்றிதழைப் பார்த்தார். ஆனால் அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்ட முதல் பிஸ்கட் அதற்கப்புறம்தான்.

செயலாளர் அம்மாள் சிரிக்கவில்லை. கையிலிருந்த படிவத்தில் ஏதோ அடித்து எழுதினார். "அசல் மாடல் பிரிவுல எடுக்க முடியாது. கைவேலைப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அதுல எடுக்கலாம். ஆனா அதுலயும் தப்பு இருக்கக் கூடாது. அத்தனை உசரத்துல மூச்சு விட முடியாது. மாஸ்க் போட்டிருப்பாங்க. மத்த ஆறு பேரும் போட்டிருக்காங்க பாருங்க. இவர் மட்டும் பல்லைக் காட்டுறாரு. இது தப்பு."

பல்செட் அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் வாயைத் திறந்துக்கிட்டுத்தான் வருவாங்க. அதே ஞாபகத்துல..." என்று இழுத்தாள்.

"தப்பு இல்ல மேடம்" என்றார் டைம் கீப்பர்.

கூடம் அவர் பக்கம் திரும்பியது. ஒரு நிமிடம் பிசகினாலும் ஒத்துக்கொள்ளாத மனுஷர், டிரைவர்கள் கெஞ்சினாலும் ஒன்பது ஐந்தை ஒன்பது நாலு என்று எழுதாதவர், நிமிர்ந்து நின்று சொன்னார்: "ஐந்து நாப்பத்திரண்டுக்கு வண்டி தரையில நின்னுச்சு. சான்றிதழ்ல இருக்கு. ஐந்து நாப்பத்துமூணுக்கு இவன் மாஸ்க்கைக் கழட்டியிருப்பான். வெளியில ஆறு முகத்தைப் பார்த்தா சிரிக்காம என்ன பண்ணுவான்?"

"அந்த ஆறு பேரும் உள்ளயே இருக்காங்களே சார். மாஸ்க்கோட."

"அப்போ ஐந்து நாப்பத்திரண்டரைன்னு வெச்சுக்குங்க. அவங்க இறங்கப் போறாங்க. பெல்ட்டைக் கழட்டிட்டு இருக்காங்க. அந்தச் சத்தம் இவன் காதுல விழுந்துடுச்சு."

அந்த அம்மாள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசித்தார். வாத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "சரி, ஒத்துக்கிறேன். ஆனா அந்த நேரத்துல விமானம் தரையிலதானே இருக்கணும்? நீங்க கம்பியில தூக்கி மாட்டிப் பறக்க விட்டிருக்கீங்க. சக்கரம் எங்க?"

டைம் கீப்பர் உள்ளே போய் மாடல் வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்தார். அதன் அடியில் ஒரு பாக்கெட். உள்ளே மூன்று சக்கரமும் அதற்கான கால்களும் இருந்தன. கம்பெனி முத்திரையோடு இருந்தது, பிரித்ததே இல்லை.

முதல் தடவையாகச் செயலாளர் அம்மாளின் குரல் மாறியது. "ஐயோ, பிரிக்காத பாக்கெட்டா? சார், இது ஆயிரத்துல பத்துப் பேர்கிட்டகூட இருக்காது. மாடல் சேர்க்கிறவங்க யாரும் இதைப் பிரிக்க மாட்டாங்க. பிரிச்சா இதோட மதிப்பே போயிடும். கண்காட்சிக்காகப் பிரிக்காதீங்க, நானே சொல்றேன்."

"விட்டுடுங்க" என்றாள் பல்செட் அக்காவும். "நான் ராத்திரியோட ராத்திரியா இவனுக்கு ஒரு மாஸ்க் செஞ்சு மாட்டிடுறேன். பல்லு உள்ள இருந்துட்டுப் போகட்டும்."

டைம் கீப்பர் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஸ்டூல் மேல் ஏறுகிறபோது மாதிரி, பக்கத்தில் தைரியம் சொல்ல ஆள் இருக்கிறதா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பதினான்கு வருடமாகக் கண்ணாலேயே தடவிப் பார்த்து வைத்த முத்திரை அது. பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் தையற்காரி பக்கம் கையை நீட்டினார்.

"அந்தக் கத்தரிக்கோலைக் கொடும்மா."

"அண்ணே, நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சா வெட்ட மாட்டேன். கொடு."

வெட்டினார். சின்னச் சத்தம்தான்; அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். டைம் கீப்பர் விமானத்தைக் கம்பியிலிருந்து கழற்றி மனைவி மடியில் மல்லாக்கக் கிடத்தினார். அவள் இடுக்கியால் பிடிக்க, அவர் ஒவ்வொரு காலாகச் சொருகினார். இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கு ஒரு சின்னச் சக்கரம். இடையில் நாத்தனார், இறக்குகிறது விமானியின் வேலை, என்னைக் கேட்காமல் எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டாள். அவளையும் ஒரு இறக்கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆறு கையாகச் சேர்ந்து வாத்தை மேசைமேல் வைத்தார்கள். மூக்கைத் தூக்கி, வாலைத் தாழ்த்தி, அது அப்பாடா என்று உட்கார்ந்தது.

செயலாளர் அம்மாள் படிவத்தில் 'தரையிறங்கிய நிலை, காலை 5:42½' என்று எழுதினார். "செஞ்சவங்க பேரு?" என்று கேட்டார். டைம் கீப்பர் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, மனைவியின் பெயரைத் தானே எழுதினார். டிப்போவில் எழுதுகிற மாதிரி, கோட்டுக்கு மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல்.

எல்லோரும் போன பிறகு மேசை முன்னால் மண்டி போட்டு, கண்ணை வால் கூண்டுக்கு நேராக வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பல்செட் அக்கா கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரிதான்" என்றார் கடைசியில். "முன்னாடி ஒரு பல்லு மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கு."

"வேணும்னுதான் வெச்சேன்" என்றாள் அவள். "வரிசையா இருந்தா பல்செட்டுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க."